காசு வாங்காத கார்

ஆகஸ்ட் 1, செவ்வாய்

சோளகக் காற்று. காலையில் முற்றத்தில் காயப்போட்ட சேலையை ஏழு மணிக்கு வேலிக்கு அப்பால் போய்ப் பொறுக்கினேன். காரின் மேல் ஒரு படை மணல். துடைத்தேன். மத்தியானம் மறுபடி ஒரு படை. விட்டுவிட்டேன்.

கார் இன்சூரன்ஸ் சனிக்கிழமையோடு முடிகிறது. ஏஜெண்ட் நாளை வருவதாகச் சொன்னான். போன வருடம் வரை இவர்தான் கத்தாரிலிருந்து போனில் எல்லாம் பேசி முடிப்பார். நான் போய்க் காசைக் கட்டுவதோடு சரி. இந்த முறை, "நீங்கதானே ஓடுறீங்க நஸீமா, நீங்களே பேசுங்க" என்று விட்டுவிட்டார். பெரிய மரியாதைதான். ஒன்று பிழைத்தால் யாருடைய பிழை என்று இப்போதே முடிவாகிவிட்டது.

வெளிநாட்டிலிருந்து வாகனம் வருவது நின்ற பிறகு இந்தச் சின்ன வெள்ளைக் காருக்கு வயது கூடக் கூட விலையும் கூடுகிறது. விற்கிறவளுக்குச் சந்தோஷம். இன்சூரன்ஸ் போடுகிறவளுக்குக் கெட்ட செய்தி. பெறுமதி ஏறினால் கட்டுகிற காசும் ஏறும்.

வாங்க: தேயிலை, சவர்க்காரம், மகளுக்கு வெள்ளைச் சப்பாத்து, வைப்பர் ரப்பர்.

பின்னேரம் சிபாயாவையும் அவள் உம்மா ஹமீதா சாச்சியையும் புத்தளம் கிளினிக்கிலிருந்து கூட்டிவந்தேன். சிபாயாவுக்கு வயிற்றில் எட்டு மாதம். எங்கள் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்த குடும்பம்; சிபாயா இங்கே அகதி முகாமில் பிறந்தவள். புருஷன் உப்பளத்தில். இந்த ஒழுங்கையில் கார் ஓடத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். அதனால் பெண்களின் ஆஸ்பத்திரிப் பயணமெல்லாம் என் தலையில்.

வளைவில் நடு ரோட்டில் இரண்டு கழுதைகள். ஹோர்னுக்கு அசையவில்லை. பிரேக் அடித்தேன். சிபாயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் இறங்கிப் போய்க் கழுதைகளை விரட்டினேன்.

இறங்கும்போது சாச்சி வழக்கம்போல் நோட்டை மடித்து கியருக்குப் பக்கத்துக் குழியில் வைத்தார். எண்ணெய்க் காசு, பெட்ரோலுக்கு. யார் ஏறினாலும் அப்படித்தான். நான் கேட்பதும் இல்லை, எண்ணிப் பார்ப்பதும் இல்லை. வேண்டாம் என்பதும் இல்லை.

ஆகஸ்ட் 2, புதன்

ஏஜெண்ட் வந்து போனான். முகுந்தன், உடப்பு மீனவ ஊர் ஆள். பாலர் பாடசாலையில் படிப்பித்துவிட்டு வந்து இன்னும் சோறு தின்னவில்லை, வாசலில் மோட்டார் சைக்கிள். வெறும் தேத்தண்ணி கொடுத்தேன். ஃப்ரிட்ஜ் பழுதாகி ஒரு மாதம், பால் வைக்க வழியில்லை.

"அக்கா, மூண்டு வழி இருக்கு. ஒண்டு தேர்ட் பார்ட்டி. மலிவு. நீங்க ஆரையும் இடிச்சா அவங்களுக்குக் குடுப்பம். உங்கட காருக்கு ஒரு சதமும் இல்ல. ரெண்டாவது ஃபுல், பிரைவேட். உங்கட காருக்கும் வரும், உள்ள இருக்கிற ஆக்களுக்கும் வரும். மூண்டாவது ஃபுல், ஹயர், காசுக்கு ஆள் ஏத்துறதுக்கு. அதுதான் கூட."

"எவ்வளவு கூட?"

சொன்னான். தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பி வாங்கலாமா என்று இருந்தது.

"ஹயர் ஓடுறீங்களா அக்கா?"

"இல்ல" என்றேன். சட்டென்று வந்துவிட்டது. பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. ஹயர் என்றால் சந்தியில் நிறுத்திக் கூப்பிட்டு ஏற்றுவது. நானா அப்படி?

பிறகு காரைப் படம் எடுத்தான். முன்னால், பின்னால், நம்பர், உள்ளே. உள்ளே எடுக்கும்போது குழியில் நேற்றைய நோட்டும் அதற்கு முந்தைய நோட்டும் கிடந்தன. முகுந்தன் பார்த்தான். டாஷ்போர்டில் இருந்த டிஷ்யூ பெட்டியை ஒரு விரலால் தள்ளி அதன் மேல் வைத்தான். பிறகுதான் படம் எடுத்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது.

போகும்போது மட்டும் சொன்னான்: "மதுரங்குளிப் பக்கம் ஒரு ஆள் வான் வெச்சிருந்தார். பிரைவேட் எண்டுதான் போட்டது. தலவில சேர்ச்சுக்கு ஆள் ஏத்திக்கொண்டு வரக்குள்ள அடிபட்டுட்டு. உள்ள இருந்த மனுசி ஒண்டு, எவ்வளவு குடுத்தம் எண்டு பொலிஸில சொல்லிட்டா. அவ்வளவுதான். ஒரு சதம் கிடைக்கல்ல. வானும் போய்ச்சு, காணியும் போய்ச்சு."

"உங்கட வீட்டு மீன் போட்டுக்கெல்லாம் இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டேன், பேச்சை மாற்ற.

"எங்கட ஊர்ல போட்டுக்கு ஆரக்கா போடுற? அம்மன் பாத்துக்கொள்ளுவா. கார் வாங்கினாத்தான் என்னைத் தேடுவாங்க."

ஆகஸ்ட் 3, வியாழன்

நித்திரை சரியில்லை. படுத்தால் கழுதை. கண்ணை மூடினால் நடு ரோட்டில் நிற்கிறது. நான் பிரேக் அடிக்கிறேன், கார் நிற்கவில்லை. பக்கத்து சீட்டில் சிபாயா.

பாலர் பாடசாலையில் இருபது பிள்ளைகளுக்கு "அ" எழுதிக்காட்டினேன். தலையில் முழுக்க மதுரங்குளி வான். அந்த மனுசி என்ன பிழை செய்தாள்? காசு கொடுத்தாயா என்று கேட்டார்கள், கொடுத்தேன் என்றாள். நானாக இருந்தாலும் உண்மையைத்தான் சொல்வேன். ஹமீதா சாச்சியும் அப்படித்தான் சொல்வார். சத்தியம் பண்ணியே சொல்வார்.

ஹாண்ட் பிரேக்கை இறங்கிப் போய் மறுபடி பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது. மகள் சிரிக்கிறாள்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

ஜும்ஆ நேரம் வீடு அமைதி. உட்கார்ந்து யோசித்தேன்.

தேர்ட் பார்ட்டி போட்டால்: காசு மிச்சம். ஃப்ரிட்ஜ் திருத்தலாம். கார் நசுங்கினால் கார் போச்சு. இன்றைய விலைக்கு இன்னொன்று இந்தப் பிறவியில் இல்லை.
ஃபுல் பிரைவேட்: ஃப்ரிட்ஜ் சந்தேகம். காருக்குப் பயமில்லை. ஆனால் குழியில் காசு கிடந்தால் எல்லாம் பொய்.
ஃபுல் ஹயர்: எல்லாவற்றுக்கும் வழி. ஃப்ரிட்ஜை மறந்துவிடலாம். இவரிடம் வேறு சொல்ல வேண்டும்.

மஃரிபுக்குப் பிறகு இவர் வீடியோவில் வந்தார். சொன்னேன்.

"தேர்ட் பார்ட்டியப் போட்டுட்டு நிம்மதியா இருங்க. நம்ம ஏத்தாளை ரோட்டுல உங்களோட யாரு மோதப் போறா? நீங்க போற வேகத்துக்கு சைக்கிள்காரன் முந்திப் போறான்."

"நான் மோத வேணாம். அவங்க வந்து மோதினா?"

"அப்ப ஃபுல் போடுங்க. ஆனா ஹயர் என்னத்துக்கு? நாம என்ன டாக்ஸிக்காரரா? ஊரு என்ன சொல்லும்? ரிஸ்வி வெளிநாட்டுல இருக்கான், பொண்டாட்டி ஹயர் ஓடுறா."

"காசு வைக்கிறாங்களே."

"வாங்காதீங்க. முடிஞ்சுது பிரச்சினை."

முடிஞ்சுதாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் சரிதான். காசு வாங்காவிட்டால் ஹயர் இல்லை. ஹயர் இல்லாவிட்டால் பொய் இல்லை. கொஞ்சக் காசுக்காக மடியில் பயத்தைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டாம். சும்மாவே கூட்டிப்போவேன், நன்மையும் கிடைக்கும். இதை ஏன் முன்னமே யோசிக்கவில்லை?

ஆகஸ்ட் 5, சனி

கட்டியாயிற்று. ஃபுல், பிரைவேட். முகுந்தன் கார்டைக் கொண்டுவந்து தந்தான். சன்வைசரில் சொருகினேன். புதிது, வழவழப்பு.

"இனி ஒருத்தரிட்டயும் எண்ணெய்க் காசு வாங்கமாட்டன்" என்று அவனிடம் சொன்னேன், அவன் கேட்காமலே. "நல்லது அக்கா" என்றான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

குழியைத் துடைத்து அதில் தஸ்பீஹ் மணியைப் போட்டேன். காசு வைக்க இடமில்லை.

தலவிலத் தேவாலயப் பெருநாள் கூட்டம் தொடங்கிவிட்டது. ரோட்டில் பஸ், வான், கூரையில் பாயும் சட்டியும். கற்பிட்டிப் பக்கம் நான் இன்று திரும்பவில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

தையல்கார முபீனாவைப் பல் எடுக்கக் கூட்டிப்போனேன். திரும்பி வந்து இறங்கும்போது நோட்டை எடுத்தாள். தடுத்தேன்.

"இனி வேணாம் முபீனா. இன்சூரன்ஸ்ல கரைச்சல்."

வாயில் பஞ்சு. கண்ணால் கேட்டாள், என்ன கோபம் என்று. கோபம் இல்லை என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குள் போனாள்.

போகிற வழியில் ஹமீதா சாச்சி வாசலில் நின்றார். அவரிடமும் சொல்லிவிட்டேன். "இனிக் காசு இல்ல சாச்சி, சும்மாவே வாங்க. சிபாயாவுக்கு எந்த நேரம் வேணுமெண்டாலும் சொல்லுங்க. நான் இருக்கிறன்."

"சும்மாவா?" என்று கேட்டார்.

"ஓம் சாச்சி, சும்மாதான்."

"சரி மகள்" என்றார். அவ்வளவுதான். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 9, புதன்

முபீனா என் மகளிடம் கருவாட்டுப் பார்சல் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நல்ல கட்டாக் கருவாடு. நேற்றுக் கூட்டிப்போன ஒருத்தி முருங்கைக்காய்க் கட்டு. பள்ளிவாசலுக்குப் பின்னால் வீட்டுப் பெண் ஒரு பை நிறையச் சின்ன வெங்காயம்.

முகுந்தனுக்குப் போன் போட்டேன். "கருவாடு வாங்கினா ஹயரா?"

சிரிக்கச் சிரிக்க இருமல் வந்துவிட்டது அவனுக்கு. "அக்கா, கருவாட்டுக்கு ரிசீட் இல்லத்தானே. பொரிச்சுச் சாப்பிடுங்க."

சிரித்தேன்தான். ஆனால் சாப்பிடும்போது தோன்றியது: இவர்களுக்கு இது காசை விடச் செலவு. நோட்டை மடித்து வைப்பது எவ்வளவு லேசாக இருந்தது. இப்போது எல்லோரும் கடன் தீர்க்காமல் விடமாட்டோம் என்று பிடிவாதமாக நிற்கிறார்கள்.

ஃப்ரிட்ஜ்காரன் வந்து பார்த்தான். கம்ப்ரஸர் என்கிறான். எப்போதுமே கம்ப்ரஸர்தான்.

ஆகஸ்ட் 10, வியாழன்

நேற்றும் இன்றும் யாரும் கூப்பிடவில்லை. இன்று கருவாடும் வரவில்லை. பாலர் பாடசாலை, கடை, வீடு. கார் வேப்ப மரத்தடியில்.

நிம்மதியாக இருக்கிறது. எழுதவே வெட்கம், ஆனால் உண்மை. எவரது வயிறும் பக்கத்து சீட்டில் இல்லை. கழுதை வந்தால் கழுதை. நேற்று இரவு ஆடாமல் அசையாமல் தூங்கினேன்.

மத்தியானம் பாடசாலை விட்டு வரும்போது பஸ் நிறுத்தத்தில் சிபாயாவும் சாச்சியும். பெருநாள் கூட்டத்தில் பஸ் நிரம்பி வழிகிறது. நிறுத்தினேன். "ஏறுங்க."

"இல்ல ராத்தா, பஸ் வருது" என்றாள் சிபாயா. சாச்சி எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க போறீங்க?"

"கிளினிக்தான். அவசரமில்ல. நீங்க போங்க."

பஸ் வரவில்லை. எனக்குப் பின்னால் வான்காரன் ஹோர்ன். போனேன். கண்ணாடியில் பார்த்தபோதும் நின்றுகொண்டிருந்தார்கள். மனசு கேட்கவில்லை, ஆனால் வற்புறுத்தவும் இல்லை. உண்மையைச் சொன்னால், அவள் ஏறாதது ஒரு பக்கம் ஆறுதல்.

ஆகஸ்ட் 12, சனி

எழுத வேண்டும். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலை எட்டு எட்டரை இருக்கும். மகளுக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் த்ரீவீல் போகிற சத்தம். இந்த நேரத்தில் யாருக்கு என்று நினைத்தேன். நினைத்துவிட்டுப் பின்னலைப் பின்னினேன். எட்டிப் பார்க்கவில்லை.

பதினொரு மணிக்கு முபீனா ஓடிவந்தாள். சிபாயாவுக்குக் காலையில் தண்ணீர்க்குடம் உடைந்ததாம். சந்தியிலிருந்து த்ரீவீல் பிடித்து வந்து ஏற்றிப் போனார்களாம். தலவிலச் சனம் ரோடு முழுக்க. பாலாவிக்கு முன்னால் அரை மணித்தியாலம் நகரவே இல்லையாம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகவும் பிள்ளை வரவும் சரியாம். த்ரீவீலுக்குள் பிறக்காதது அல்லாஹ்வின் காவல் என்றாள் முபீனா. பெண் பிள்ளை. ஒரு மாதம் முந்தி. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மூச்சு எடுக்கக் கஷ்டப்படுதாம்.

என் வாசலைத் தாண்டித்தான் த்ரீவீல் பிடிக்க ஆள் போயிருக்க வேண்டும். என் வாசலைத் தாண்டித்தான் அது சிபாயாவை ஏற்றிக்கொண்டு திரும்பியும் போனது. நான் வீட்டில். கார் வேப்ப மரத்தடியில். எண்ணெய் இருந்தது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தது.

ஏன் என்னைக் கூப்பிடவில்லை?

அல்லாஹ்வே, அந்தப் பிள்ளையைப் பிழைக்க வை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பார்வையாளர் நேரத்துக்குப் போனேன். தனியாக ஓடினேன். எப்போதும் பயமாக இருக்கிற வளைவெல்லாம் எப்படிக் கடந்தேன் என்றே நினைவில்லை.

சிபாயா சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். நித்திரையா, நித்திரை மாதிரியா, தெரியாது. பிள்ளையைப் பார்க்க விடவில்லை. சாச்சி வராந்தாவில் பெஞ்சில். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் சாச்சி என்னைக் கூப்பிடல்ல?"

கோபமே இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எப்புடி மகள் கூப்பிடுற? காசு வெச்சிட்டு ஏறக்குள்ள அது எங்கட கார் மாதிரி. எந்த நேரமும் வந்து கதவத் தட்டுவம். நீங்க சும்மா வாங்க எண்டுட்டீங்க. சும்மா எண்டா பிறகு கேட்டுத்தானே வரணும்."

"நான் அப்படி நினைச்சுச் சொல்லல்ல சாச்சி. இன்சூரன்ஸ்காரங்க…"

"தெரியும். நல்ல மனசோடதான் சொன்னீங்க. ஆனா முப்பது வருஷம் சும்மா தந்தத வாங்கி வாங்கித்தான் எங்களுக்கு அகதி எண்டு பேர். அரிசி சும்மா, பாய் சும்மா, தகரம் சும்மா. வரிசையில நிண்டு வாங்கினம். சிபாயா முகாமுக்குள்ள பொறந்தவ. சும்மா எண்டு ஒரு சாமானத் தொட மாட்டா. நான் உங்களுக்கு ஆள் அனுப்பத்தான் போனன். அவதான் வேணாம் எண்டா. வயித்து நோவோட நிண்டு வேணாம் எண்டா."

கட்டிப்பிடித்து அழுதேன். அவர்தான் என் முதுகைத் தடவினார். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்று ஒரு முறை இல்லாமல் போய்விட்டது.

த்ரீவீல் ஆட்டத்தால் இல்லை, முந்தியே வர இருந்த பிள்ளைதான் என்று டாக்டர் சொன்னாராம். சாச்சி அதை இரண்டு முறை எனக்குச் சொன்னார். நல்லவர்.

ஆகஸ்ட் 14, திங்கள்

பாலர் பாடசாலையில் ஒரு பிள்ளை கீழே விழுந்து முழங்கால் தேய்ந்தது. அது அழவில்லை. நான் அழுதேன். மற்ற டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பிள்ளை அப்படியே இருக்கிறதாம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மழையும் இல்லை. காற்று மட்டும் ஓயவில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். ஹயர் கவருக்கு மாற்றப் போகிறேன் என்று.

"பாவம்தான் அந்தப் புள்ள. ஆனா அதுக்கும் இன்சூரன்ஸுக்கும் என்ன? இப்பத்தானே கட்டினீங்க. இன்னும் கட்டப் போறீங்களா?"

"ஓம்."

"காசத்தான் வாங்குங்களேன், சும்மா. ஆருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். ஏதும் நடந்தா சிபாயா பொலிஸில பொய் சொல்லணும். அவளால ஏலாது. எனக்கும் ஏலாது."

"ஃப்ரிட்ஜ்?"

"மீன் வாங்கின அண்டைக்கே சமைப்பன்."

பின்னால் அவருடைய அறையில் யாரோ குறட்டை. "டாக்ஸிக்காரி" என்றார் கடைசியில். சிரித்துத்தான் சொன்னார். எனக்கு அப்போதும் பாதிக் கோபம். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அவருக்கு மட்டும் இல்லை, எனக்கும்தான். பள்ளிவாசல் முன்னால் நிற்கிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று இப்போதே காதில் கேட்கிறது. பேசட்டும் என்று எழுத ஆசை. எழுதிவிட்டேன். மனசு இன்னும் அங்கே வரவில்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

முகுந்தன் வந்தான். காரணம் கேட்கவில்லை. உடப்பிலும் இந்தக் கதை போயிருக்கும். மிச்சக் காசைக் கட்டினேன். பற்றுச்சீட்டு எழுதினான்.

"தலைமைக் கந்தோர் பாத்து ஓம் எண்டு சொல்லணும் அக்கா. செவ்வாய்க்கிழமையில இருந்து ஹயர் கவர். அதுவரைக்கும் காசுக்கு ஒருத்தரையும் ஏத்திப்போடாதீங்க. கடைசி நேரத்துல மாட்டக் கூடாது."

"அதுவரைக்கும் ஏதும் நடந்தா?"

"நடக்காது அக்கா."

"ஹயர் கவர் வந்த பிறகு?"

"காருக்கும் ஆக்களுக்கும் காசு வரும்."

"நடக்காம இருக்குமா எண்டு கேட்டன்."

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அதுக்கு ஒரு கொம்பனியும் எழுதித் தராது அக்கா."

இவ்வளவு காசு கட்டியும் பயம் அப்படியே இருக்கிறது. ஒரு நூல்கூடக் குறையவில்லை. காசு கட்டினால் போய்விடும் என்று நினைத்தேனே, அந்த எண்ணம்தான் போய்விட்டது.

ஆகஸ்ட் 19, சனி

பிள்ளை தானாக மூச்சு எடுக்கிறதாம். பால் குடிக்கிறதாம். முபீனா வேலியில் நின்று கத்திச் சொன்னாள். அல்ஹம்துலில்லாஹ்.

இரண்டு ரக்அத் தொழுதேன். பிறகு போய் டயர்களை உதைத்துப் பார்த்தேன். காற்றுப் போதும். எதற்கு உதைத்தேன், தெரியாது.

இன்னும் யாரும் கூப்பிடவில்லை. "செவ்வாயிலிருந்து பழையபடி எண்ணெய்க் காசு வாங்குவன்" என்று முபீனாவிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்னால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி.

ஆகஸ்ட் 21, திங்கள்

பன்னிரண்டு மணி. பாலர் பாடசாலை விட்டு வந்து முகம் கழுவுகிறேன், போன். ஹமீதா சாச்சி.

"துண்டு வெட்டியாச்சு மகள். வீட்டுக்குப் போகச் சொல்றாங்க. பழையபடி வாறீங்க எண்டு முபீனா சொன்னா. வாறீங்களா?"

இன்று திங்கள். நாளைதான் செவ்வாய்.

நாளைக்கு வரட்டுமா சாச்சி என்று நாக்கு நுனி வரை வந்தது. ஒரே ஒரு நாள். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் கூட இருந்தால் என்ன? அல்லது த்ரீவீல் பிடித்து வரட்டும், காசை நான் கொடுக்கலாம். அல்லது நானே போய், இன்று மட்டும் காசு வேண்டாம் என்று சொல்லலாம். கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு இதையெல்லாம் யோசித்தேன்.

"வாறன்" என்றேன்.

ஆஸ்பத்திரி வாசலில் மூன்று பேரும். சிபாயா மெலிந்துவிட்டாள், முகத்தில் கண் மட்டும்தான். சாச்சி கையில் துணிப் பொட்டலம் மாதிரி ஒன்று. எட்டிப் பார்த்தேன். மூக்கு, ஒரு கை முஷ்டி. மாஷா அல்லாஹ். இவ்வளவு சின்ன ஆளை நான் காரில் ஏற்றியதே இல்லை.

பின்கதவைத் திறந்தேன். சிபாயா ஏறவில்லை. நோட்டை நீட்டினாள்.

"முதல்ல இதப் பிடிங்க ராத்தா. பிறகு ஏறுறன்."

நாளைக்குத் தா என்று சொல்லலாம். பிறகு வாங்குகிறேன் என்று சொல்லலாம். முகுந்தன் தொப்பியோடு கண் முன்னால் வந்தான். மதுரங்குளி வான் வந்தது. சிபாயா கையை மடக்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாங்கினேன். கைப்பையில் வைத்தேன். ஏறினார்கள்.

பாலாவி வரை இரண்டாம் கியர். வெங்காய லொறி ஒன்று பின்னால் ஒட்டிக்கொண்டு ஹோர்ன் அடித்தே வந்தது. அடிக்கட்டும். முந்திப் போகும்போது கிளீனர் தலையை வெளியே நீட்டி ஏதோ சிங்களத்தில் திட்டினான். சாச்சி பின்னாலிருந்து அவனுக்குச் சிங்களத்திலேயே திருப்பிக் கொடுத்தார். காற்றாலைப் பக்கம் ரோட்டில் பாதி வரை மணல் ஏறியிருந்தது. முதலாம் கியர். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல் எனக்கே நோகிறது. ஸலவாத்து ஓதிக்கொண்டு வந்தேன். பாதியில் மறந்து ஆரம்பத்திலிருந்து மறுபடி. பிள்ளை ஒரு முறை தும்மியது. நான் பிரேக் அடித்துவிட்டேன். "ஒண்டுமில்ல, ஓடுங்க" என்றார் சாச்சி.

வந்து சேர்ந்தோம். அவர்கள் வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். சாச்சி பிள்ளையோடு உள்ளே போய்விட்டார். பையை எடுத்துப் போனார்கள். யார் யாரோ வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

சிபாயா திரும்பி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். ஸ்டியரிங்கிலிருந்து என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"இறங்குங்க ராத்தா, வீடு வந்துட்டு."